முப்பத்தொன்றாவது கொழுப்பு

குரோனிங்கன். ஜனவரி.
கால்வாய் உறைந்து,
அதில் யாரோ தவறவிட்ட ஒற்றைக் கையுறையும்
விரல் விரித்தபடி உறைந்து கிடக்கிறது.
நான்காம் மாடியில் சிட்ஸ்கா
கொழுப்புக்குத் தலை செய்துகொண்டிருக்கிறாள்.

வால் இரண்டு, தண்ணீருக்கு ஆகாதவை.
தலை ஒன்று, அதில் ஒரே ஒரு கூட்டல் குறி.
டி.என்.ஏவோ
முதுகு நெடுகக் கழித்தல் குறிகளைச் சுமந்து திரியும் பிறவி.
செல்லின் தோலும் கழித்தல்தான்.
இரண்டும் எதிரெதிர் வந்தால்
முகம் திருப்பிக்கொள்ளும்.
நடுவே ஒரு தூது வேண்டும்.

மேகத்தை அனுப்பியிருக்கிறார்கள்,
கிளியை, தென்றலை, சொந்த நெஞ்சை.
இவள் அனுப்புவது
பிசுக்கு.

ஏழாவது நீரில் இறங்க மறுத்தது.
பன்னிரண்டாவது கண்ணாடிச் சுவரிலேயே குடியேறியது.
பதினெட்டாவது செல்களை அணைத்தது,
அணைத்தது, விடவேயில்லை.
மறுநாள் தட்டு முழுக்கப் பிணம்.
கூட்டல் கூடிப்போனால் அன்பும் சோப்புதான்,
தோலைக் கரைத்துவிடும்.
இந்தக் கொழுப்புக்குத்தான் எத்தனை கொழுப்பு
என்று திட்டியிருப்பாள், தமிழ் தெரிந்திருந்தால்.
ஃப்ரீசிய மொழியில் திட்டினாள்.
செல் வளர்க்கும் யூர்யன்
முகக்கவசத்துக்குள் சிரித்தான்.

பதினெட்டுக் கார்பன், நிமிர்ந்த வால் கேட்டிருந்தாள்.
வந்த புட்டியிலும் பதினெட்டுதான்.
ஆனால் சரிபாதியில் ஓர் இரட்டைப் பிணைப்பு,
அந்த இடத்தில் ஒரு கூனல்.
திருப்பி அனுப்பப் படிவம் நிரப்பினாள்.
வெள்ளி மாலை, அஞ்சல் அறை பூட்டு.
கிடக்கட்டும் என்று
கூனலையே தலையில் கோத்தாள்.
மூன்று வாரம் ஆயிற்று.

தெளிந்த நீர் ஒன்று, தெளிந்த நீர் இன்னொன்று.
கலந்ததும் மெல்லப் பால்கட்டியது.
இருபது நிமிடம் தொடக்கூடாது.
அதற்குள் யூர்யன் வெளியே போய்
வெண்ணெய் தடவிய ரொட்டியைத் தின்று வந்தான்.

செல் அதை இரையென்று விழுங்கியது.
விழுங்கியது ஒரு பையில் விழுந்தது.
நேரம் போகப் போகப் புளிக்கும் பை,
வந்ததையெல்லாம் செரிக்கும் பை.
நிமிர்ந்த வால்கள் மாண்டது இங்கேதான்,
அணிவகுப்புக் கலையாமல்.
கூனலுக்கு வரிசையில் நிற்கத் தெரியாது.
பையின் சுவரில் சாய்ந்தது,
சுவரோடு குழம்பிச் சுவரே ஆனது.
சுவர் கிழிந்தது.
சுமந்து வந்ததைக் கைநழுவ விட்டது.
தூதுக்கு அதற்குமேல் என்ன வேலை?

கருவின் மதில் மட்டும் பாக்கி.
செல் இரண்டாகப் பிரியும்போது
அது தானே இடிந்து தானே எழும்.
அந்த இடைவேளையில்
நுழைந்தது நுழைந்ததுதான்.

திங்கள் காலை. இருட்டறை. நீல ஒளி.
கடலில் மிதக்கும் ஜெல்லிமீனின் எழுத்தை
மனிதச் சிறுநீரகச் செல்லொன்று
வாசித்துக்கொண்டிருந்தது,
பச்சையாக,
உரக்க.

"நூற்றுக்குப் பதினாலு" என்றான் யூர்யன்.
"செத்தது?"
அவன் கண்ணை நுண்ணோக்கியிலிருந்து எடுக்கவில்லை.
"இருபத்திரண்டு."
"இரண்டையும் எழுது."

சைக்கிள் பூட்டைத் திறக்கச் சாவி தேடினாள்.
கோட்டுப் பையில் அகப்பட்டது
அனுப்பாத படிவம், நான்காக மடிந்து.
பொருள்: தவறானது.
காரணம் என்ற கட்டத்துக்குள்
அவள் கையெழுத்தே, கோபத்தில் அழுத்தி:
வளைந்திருக்கிறது.