எடை பார்த்துக்கொள்ளும்

டுலூத்தில் மார்ச் கடைசி.
ஏரி இன்னும் பனிக்கட்டியை விட்டபாடில்லை.
நிலவறைத் தரைக்குள்ளிருந்து சாக்கடை வாடை.
குழாய்க்காரர் வந்தார், மோந்தார்,
ஆறாயிரத்து இருநூறு டாலர் என்று எழுதிக் கொடுத்தார்.
ஊற்றிய காப்பியைக் குடிக்கவில்லை.

அந்தக் காகிதத்தின் முதுகில் நான் கணக்குப் போட்டேன்.
பழைய மின் ஜாக்ஹேமர்: இருநூற்று எண்பது.
விற்றவன் முகத்தைப் பார்க்கவில்லை.
காரேஜ் வாசலில் வைத்துவிட்டு
பணத்தைக் கதவிடுக்கில் போடச் சொல்லியிருந்தான்.
பெட்டி மூடியின் உட்பக்கம்
கறுப்பு மார்க்கரில், கோணல் எழுத்தில்,
அவன் குரல் மட்டும் இருந்தது:

அழுத்தாதே. எடை பார்த்துக்கொள்ளும்.
நடுவில் குத்தாதே, ஓரத்திலிருந்து கடி.
உளியால் நெம்பாதே.
உளித்தண்டுக்கு கிரீஸ், ஒவ்வொரு தடவையும், பட்டாணி அளவு.
மெலிந்த ஒயர் மோட்டாரைக் கொல்லும்.

அதற்குக் கீழே ஒரு வரியை அடித்திருந்தான்.
‘லோரீன்’ என்பது மட்டும் படிக்க முடிந்தது.

என் வேலை ரத்தம் எடுப்பது.
ஒரு ஷிஃப்டுக்கு நாற்பது கைகள்.
தோலுக்கடியில் ஓடும் குழாயை
விரல் நுனியால் தேடத் தெரியும் எனக்கு.
சிமெண்டுக்கடியில் ஓடுவதைத் தேட
பதினாறு கிலோவில் ஒரு விரல்.

சுவிட்சைப் பிடித்தேன்.
முதல் அடியில் பல் ஆடியது,
இரண்டாவதில் ஜன்னல்,
மூன்றாவதில் பக்கத்து வீட்டு வெண்டெல்
உடைந்த தட்டோடு வாசலில்.
தட்டுக்குப் பத்து டாலரும்
காதுக்கு ஒரு ஜோடி அடைப்பானும் கொடுத்தேன்.
அடைப்பானை வைத்துக்கொண்டான்.
பத்து டாலர் மறுநாள் என் தபால் பெட்டியில் கிடந்தது.

பயந்து அழுத்தியபோதெல்லாம் துள்ளியது,
கை தளர்ந்ததும் இறங்கியது.
ஓரத்தில் ஒரு கை அகலம் கடித்தேன்.
பிறகு இன்னொன்று.
ஐந்து நிமிடம் அடி, ஐந்து நிமிடம் சும்மா.
சும்மா இருக்கும்போதுதான்
விரல்கள் தனியே அடித்துக்கொண்டிருந்தன.

இரண்டாம் நாள் உளி சிக்கிக்கொண்டது.
இழுத்தேன், திட்டினேன், பின்னிஷ் மொழியிலும் திட்டினேன்.
உளியைத் தரையிலேயே விட்டுவிட்டு
எந்திரத்தை மட்டும் கழற்றி,
வேறு உளி மாட்டி, சுற்றிலும் உடைத்துப் பார்த்தால்
உள்ளே கட்டில் ஸ்பிரிங்.

வரிசை வரிசையாக, ஒரு கட்டில் முழுவதும்.
தரை போட்டவனுக்குக் கம்பி வாங்கக் காசில்லை போல.
படுக்கையைப் பிரித்து விரித்து
மேலே சிமெண்டை ஊற்றியிருக்கிறான்.
அன்றிரவு எங்கே படுத்தான்?
பக்கத்தில் படுப்பவள் என்ன சொன்னாள்?

கிரைண்டரால் ஒவ்வொரு சுருளாக அறுத்தேன்.
விடுபடும்போதெல்லாம் கிறீச்சென்று ஒரு சத்தம்,
யாரோ புரண்டு படுத்ததுபோல.

மூன்றாம் நாள் மோட்டாருக்குள் நீலப் பொறி,
கருகல் நாற்றம்.
பிளக்கைப் பிடுங்கிவிட்டு
பக்கவாட்டு மூடி இரண்டையும் திருகித் திறந்தேன்.
கார்பன் பிரஷ் நகக்கண் அளவுக்குத் தேய்ந்திருந்தது.
ஒன்பது டாலர், ஒரு ஜோடி.
காற்றுத் துளைகளில் அடைந்த தூசியைப்
பல் துலக்கும் பிரஷால் தட்டினேன். என்னுடையதல்ல,
விட்டுப்போனவனுடையது.

மதியம் மூன்றரைக்கு அடியின் குரல் மாறியது.
கெட்டிச் சத்தம் போய், பானையில் தட்டியதுபோல ஒன்று.
நிறுத்தினேன்.
கையுறையைக் கழற்றி உள்ளங்கையைத் தரையில் வைத்தேன்.
மண் அரித்துப்போன வெற்றிடம்.
அதற்கும் கீழே
நீளவாக்கில் வாய் பிளந்த வார்ப்பிரும்புக் குழாய்,
ஈரத்தோடு.

திங்கட்கிழமை விடுப்பு சொன்னேன்.
கரண்டியே நிற்காத கையில்
ஊசி எப்படி நிற்கும்?
செவ்வாய்க்கிழமை முதல் ஆள் திருமதி ஓபர்க்,
ஒளிந்துகொள்ளும் ரத்தக்குழாய்.
‘விரலெல்லாம் ஏன் வெளுத்திருக்கிறது?’ என்றாள்.
தரை உடைத்தேன் என்றேன்.
நம்பவில்லை. வலிக்கவும் இல்லை என்றாள்.

அன்று மாலை உளிகளைத் துடைத்து,
தண்டுக்குப் பட்டாணி அளவு கிரீஸ் தடவிப்
பெட்டிக்குள் படுக்க வைத்தேன்.
மார்க்கரைத் தேடி எடுத்து,
லோரீனுக்குக் கீழே எழுதினேன்:
கட்டில் இருந்தால் அறு, இழுக்காதே.