ஒன்பதாம் மாடியில் ஓர் உரசல்

வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து வேண்டுமாம்.
ஜாமீன்தாரர் என்ற சொல்லுக்கு எதிரே
சின்னதாய் ஒரு கட்டம் காலியாக இருக்கிறது.
மைத்துனன் கிளமெண்ட்,
வீவக வீடுகளுக்கு டைல்ஸ் ஒட்டும் கம்பெனி,
எண்பதாயிரம் வெள்ளி.

காகிதத்தை மைக்ரோவேவ் மேல் வைத்துவிட்டு
ஆண்டவரே வழி காட்டும் என்று முழங்காலிட்டேன்.
அவர் வாய் திறக்குமுன்
ஆமென் சொல்லி எழுந்துவிட்டேன்.

அப்புறம் ஆலோசனை கேட்கக் கிளம்பினேன்.
செல் குரூப்பில் தியோடர் அண்ணனைக் கேட்டேன்.
யார் கேட்டாலும் பர்ஸைத் திறக்கிற மனிதர்.
"கொடுங்க பிரதர், கர்த்தர் பார்த்துக்குவார்."
அவரை ஏன் முதலில் கேட்டேன் என்பது
எனக்குத் தெரியும்.

ஞாயிறு ஆராதனை முடிந்து
பிரியாணிப் பொட்டலத்துக்கு நிற்கிற வரிசையில்
பாஸ்டரைக் கேட்டேன்.
தெம்பனிஸில் கிளமெண்டின் பழைய கடை
எட்டே மாதத்தில் மூடியதை மட்டும் சொல்லவில்லை.
குடும்பத்துக்கு உதவுவது நல்லது என்றார்.
நான் நீட்டிய அரைக் கேள்விக்கு
அது முழுப் பதில்தான்.

இரண்டு சாட்சிகள். போதும் என்றிருந்தது.

செவ்வாய்க்கிழமை ஈசூனில் வேலை.
பதினோரு வருடமாக லிஃப்ட் பார்க்கிறேன்.
மோட்டார் அறையில் கண்ணை மூடி நின்றால்
எந்த பேரிங் தேய்கிறதென்று காது சொல்லிவிடும்.
அன்று ஒன்பதாம் மாடியைத் தாண்டும்போது
ஓர் உரசல்,
பூனை கதவைப் பிராண்டுவதுபோல.
ஓடட்டும், நாளைக்குப் பார்க்கலாம் என்றேன்.
அஸ்மான் சாவியைத் திருப்பி நிறுத்திவிட்டான்.
கேட்ட பிறகும் ஓட்டினால்
கேட்கவில்லை என்றுதான் அர்த்தம் என்றான்.
மார்க்கெட் வண்டியோடு மாட்டிக்கொண்ட ஓர் ஆன்ட்டி
எங்கள் இருவரையும் ஹொக்கியனில் திட்டித் தீர்த்தார்.
அஸ்மான் லிஃப்டைப் பற்றித்தான் சொன்னான்.

கேட்டேன் கேட்டேன் என்கிறேனே,
வாயால் கேட்டது எத்தனை,
காதால் கேட்டது எத்தனை?

இரவு.
ஹெப்சி பிள்ளையின் சீருடைக்கு
இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.
பொங்கோலில் ஒரு பாலர் பள்ளிக்குக் கணக்கெழுதுகிறவள்.
பத்துக் காசு உதைத்தாலும் தூங்கமாட்டாள்.
ஒரு வாரமாக
அந்தக் காகிதத்துக்கு அடியில்தான்
எனக்குச் சோறு சூடு பண்ணித் தருகிறாள்.
ஒரு வார்த்தை பேசவில்லை.
நானும் கேட்கவில்லை.

அவள் தம்பி, அவளால் எப்படி வேண்டாமென்று
சொல்ல முடியும் என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.
பொய்.
சொல்லிவிடுவாள் என்றுதான் பயம்.
மாமியார் வீட்டு சோபாவில் ஒரு தடவையாவது
பெரிய மாப்பிள்ளையாக நிமிர்ந்து உட்கார
எனக்கு ஆசை.

"நீ என்ன நினைக்கிறே?"

இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.
அது ஒரு பெருமூச்சு விட்டது.
"போடுங்கன்னும் சொல்லல, போடாதீங்கன்னும் சொல்லல.
பணம் போயிருச்சுன்னே வச்சுக்குங்க.
அடுத்த கிறிஸ்மஸுக்கு
அவன் தட்டுல நீங்க கறி அள்ளி வைப்பீங்களா?"

வைப்பேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.
உள்ளே எங்கோ ஓர் உரசல்.
அதே மாடி.

அவள் போன பிறகு மறுபடி முழங்காலிட்டேன்.
இம்முறை நான் எதுவும் பேசவில்லை.
கீழ்வீட்டில் யாரோ சீன நாடகம் பார்த்தார்கள்.
கடைசி ரயில் போனது.
வானத்திலிருந்து குரல் ஒன்றும் வரவில்லை.
ஒருவேளை ஏற்கெனவே வந்து,
சீருடையை மடித்து வைத்து,
விளக்கை அணைத்துவிட்டுப்
படுக்கப் போய்விட்டதோ என்னவோ.

புதன் காலை கிளமெண்டுக்குப் போன் செய்தேன்.
கணக்கை எல்லாம் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வா,
தெம்பனிஸ் கடைக் கணக்கையும் சேர்த்து,
அக்காவும் கூட இருப்பாள் என்றேன்.

மறுமுனையில் வெகுநேரம் சத்தமில்லை.
போனை வைக்காமல்
அதையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.