ஈரப்பதம்

நெல்லுக்குப் பதினேழு.
மீட்டர் பதினெட்டு என்றால்
களத்தில் திரும்பக் கொட்டிக் கிளறிவிட வேண்டும்.
நீடாமங்கலத்துக்கு வடக்கே, கொள்முதல் நிலையத்தில்
பதினோரு வருஷம்
அந்த எண்ணைப் பார்த்தபடி நின்றிருக்கிறேன்,
தலையில் நாற்பது கிலோவோடு.

எனக்கும் ஓர் எண் வேண்டுமாம். நாற்பது சதம்.
இருந்தால் அட்டை.
அட்டை இருந்தால் மாதம் ஒரு தொகை,
மருந்துக்குப் போகிற பஸ்ஸில் சலுகை.

திருவாரூர் முகாமில் வரிசை வெயிலில் வளைந்து கிடந்தது.
எனக்கு முன்னால் ஒரு தாய்,
தன் உயரத்துக்கு வளர்ந்த மகனைத் தோளில் சாய்த்திருந்தாள்.
திரும்பி என் காலைப் பார்த்தாள்.
கையைப் பார்த்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை.
இரண்டு காலில் நிற்பது
அன்றுதான் எனக்குக் கூசியது.

"நடங்க" என்றார் டாக்டரம்மா. நடந்தேன்.
"கையைத் தூக்குங்க." தூக்கினேன்.
சுவரில் இருந்த எழுத்தைப் படிக்கச் சொன்னார்.
கடைசி வரி வரை படித்துத் தொலைத்தேன்.
நானாகத்தான் சட்டையைத் தூக்கிக் காட்டினேன்:
இடுப்புக்கு மேலே வளைந்து போகும் தையல்,
அதற்குள்ளே கொஞ்சம் புடைப்பாய்
என் பெண்டாட்டியின் சிறுநீரகம்.

"இதான் சரியாயிடுச்சேண்ணே."

பொல்லாதவர் இல்லை அவர்.
பட்டியலை விரலால் இரண்டு தரம் ஏறி இறங்கினார்.
இருபத்தொரு வகை. பார்வை, செவி, தசை, ரத்தம்.
பிறகு தாளை என் பக்கம் திருப்பி வைத்தார்,
"நீங்களே பாருங்க."
பார்த்தேன்.
இல்லாததை எவ்வளவு நேரம் பார்ப்பது?

சொல்லியிருக்கலாம்:
ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்று
சென்னையில் எழுதிக் கொடுத்ததை.
காலை எட்டு, ராத்திரி எட்டு,
உடம்புக்குக் காவல் இருந்தவர்களை எல்லாம்
தூங்கவைக்கிற மாத்திரைகளை.
அடுத்த வீட்டுப் பிள்ளை தும்மினால்
எங்கள் வீட்டில் கதவு சாத்துவதை.
டீ கிளாஸில் தளும்புகிற என் கையை.
நடுக்கத்துக்கு எத்தனை சதம் அம்மா?
ஒவ்வொரு மாதமும் ரத்தம் கொடுத்துவிட்டு
எண் வரும்வரை சோறு இறங்காததற்கு?

"சரிங்கம்மா" என்றுதான் சொன்னேன்.

ஐப்பசி மழை விடாத வருஷம்
டெல்லியிலிருந்து குழு வந்தது எங்கள் களத்துக்கு.
அள்ளினார்கள், முகர்ந்தார்கள்,
ஒருவர் பல்லில் வைத்துக் கடித்தும் பார்த்தார்.
இருபது வரை எடுக்கலாம் என்று தளர்வு வந்தது.
அதற்காக ரோட்டில் மறியல் இருந்தோம்.
நானும் இருந்தேன்,
கால் வீங்கத் தொடங்கியிருந்த நாட்கள் அவை,
மழையில் ஊறியது என்று நினைத்துக்கொண்டு.

இப்போது மூட்டைக்கு வாய் தைக்கிறேன்,
என் வாயை மூடிக்கொண்டு.
முகக்கவசத்தைப் பார்த்து
பழைய கூட்டாளிகள் "டாக்டர்" என்று பேர் வைத்துவிட்டார்கள்.
கிளார்க் குத்தூசியைச் சாக்கில் இறக்கி
ஒரு பிடி நெல்லை வெளியே இழுக்கும்போதெல்லாம்
என் கை தானாக இடுப்புக்குப் போகிறது.

அன்று சாயங்காலம்
செங்கமலம் அடுப்படியிலிருந்தே கேட்டாள்,
"என்ன சொன்னாங்க?"

"நீ குடுத்தது நல்லா வேலை செய்யுதாம்.
அதனால ஒண்ணும் கிடையாதாம்."

சிரித்தாள். முதலில் சிரிக்கத்தான் செய்தாள்.
அரிசி களைந்த தண்ணீரை வாசலில் ஊற்றிவிட்டு
வந்து நின்று
இடது விலாவைப் புறங்கையால் தேய்த்துக்கொண்டே
"அப்ப எனக்கு எத்தனை போடுவாங்க?" என்றாள்.

எட்டு மணிக்கு வைத்த அலாரம் அடித்தது.
இரண்டு பேருமே எழுந்தோம், தண்ணீர் எடுக்க.