பத்து ரூபா

குருமண்வெளித் துறையில்
பாதை வரக் காத்து நிற்கிறோம்
நானும் என் ஸ்கூட்டியும்
என் வகுப்பைப் பார்க்க வந்த
ஆசிரிய ஆலோசகர் சுகிர்தமலர் மெடமும்.
வாவி கடக்கும் படகை
இங்கே பாதை என்றுதான் சொல்வோம்.
ஒருநாள் அதிபரிடம்
‘தி ரோட் இஸ் லேட் சேர்’ என்றேன்.
வரவுப் பதிவேட்டில் சிவப்புக் கோடு விழுந்தது.

தாழங்குடாவில் எனக்குப் படிப்பித்தவை
ஐந்து கொப்பிகளில் இருக்கின்றன.
மொழிபெயர்க்காதே, படத்தைக் காட்டு.
நீ குறையப் பேசு, பிள்ளையைப் பேச விடு.
பிழையைப் பிழை என்னாதே,
சரியான வசனத்தை நீ திருப்பிச் சொல்.
எல்லாம் நல்லது.
முதலாம் தவணை விமான நிலையம் நடித்தோம்.
இரண்டு மேசை,
கடவுச்சீட்டுக்கு வரலாற்றுக் கொப்பி.
‘விண்டோ ஓர் ஐல்?’ என்று லோஜிதன் கேட்க
‘ஃபுட்போர்ட்’ என்றாள் பவிஷாலினி.
நான் திருத்தவில்லை.
திருத்த அதில் என்ன இருக்கிறது?

மேசையில் ஒரு பால்மா டின்.
தமிழ் பேசினால் பத்து ரூபா.
எந்தக் கொப்பியிலும் இல்லாத முறை,
ஏதோ செயலமர்வில் யாரோ சொன்னது.
சேரும் காசுக்குத் தவணை முடிவில் ரோல்ஸ்.
ஆகவே பசித்தால்
என் வகுப்பு தமிழ் பேசும்.

இன்று பத்தாந்தரம்.
கரும்பலகையில் இரண்டு வீடு கீறினேன்.
போய்த் திரும்பிய அம்பு: ஹேஸ் பீன்.
போய் அங்கேயே நின்ற அம்பு: ஹேஸ் கோன்.
தமிழில் இரண்டும் ‘போயிருக்கா’ தான்.
அதைச் சொன்னால் அரை நிமிடத்தில் விளங்கும்.
சொல்லக்கூடாது.
பின் வாங்கில் மெடம்,
பேனை திறந்தபடி.

‘மை சிஸ்டர் ஹேஸ் பீன் டு களுவாஞ்சிகுடி.’
‘மை அங்கிள் ஹேஸ் கோன் டு கட்டார்.’
துர்க்காயினி எழும்பினாள்.
‘மை மதர் ஹேஸ் பீன் டு குவைத்.’
வெரி குட் என்றேன்.
அவள் இருக்கவில்லை.
‘மை மதர் ஹேஸ் கோன் டு குவைத்.’

இரண்டும் சரி.
நாற்பது நாள் லீவில் வந்து
போன செவ்வாய் திரும்பப் போனவளுக்கு
இரண்டு அம்பும் வேண்டும்.
திரும்பிப் பார்த்தேன்.
தூரத்து வீட்டுக்குக் கூரை கீற
மறந்துபோயிருந்தேன்.

அப்போது கேதுஜன் முன்னுக்கு வந்தான்.
ஒன்றும் சொல்லாமல்
டின்னுக்குள் பத்து ரூபாக் குத்தியைப் போட்டான்.
பிறகு கேட்டான்:
‘டீச்சர், ராவு யானை வந்து
எங்கட வாழையைத் திண்டுபோட்டுப் போயிட்டு.
இண்டைக்கும் வரும்.
அதுக்குக் கோனா, பீனா?’

சிரிப்புக்குத் தண்டம் இல்லை.
வகுப்பு வயிறு பிடித்துச் சிரித்தது.
என் பேர்சில் இருபது ரூபாத் தாள்தான் இருந்தது.
போட்டேன்.
இரண்டு தரம் பேசலாம்.

‘நீ எங்க நிண்டு பாக்கிறாய் எண்டதுதான் விசயம்.
உன்ர வளவில நிண்டா, கோன்.
காட்டுக்குள்ள நிண்டு சொன்னா, பீன்.’

‘காட்டில ஆர் டீச்சர் இங்கிலிஷ் கதைக்கிற?’
‘மற்ற யானை’ என்றாள் பவிஷாலினி.
‘வளவும் முந்திக் காடுதானே’ என்றான் லோஜிதன்.
‘அப்ப அது வீட்டுக்குத்தான் வந்ததா?’
டின்னில் சில்லறை விழுந்துகொண்டே இருந்தது.
கடன் சொன்னவர்கள் ஆறு பேர்.
பாடத்திட்டத்தில்
குழுக் கலந்துரையாடல் ஐந்து நிமிடம்.
மணி அடிக்கும்போது இருபத்திரண்டு.

திரும்பும் பாதையில்
மெடத்தின் மடியில் மதிப்பீட்டுப் படிவம்.
காற்று ஓரம் கிளப்பியபோது கண்டேன்:
தாய்மொழிப் பாவனை, மிக அதிகம்.
அதற்குக் கீழே ஏதோ எழுதி
வெட்டியிருந்தா.

நடு வாவி வரை பேச்சில்லை.
மோட்டார்ச் சத்தம்,
இறால் கூடுகளோடு ஒருவர்,
என் ஸ்கூட்டியைப் பிடித்த என் கை.

பிறகு மெடம் கேட்டா:
‘நேற்று அந்தப் பிள்ளையின்ர வளவுக்கு
வந்தது ஒரு யானையா, கூட்டமா?’

‘தெரியாது மெடம். ஏன்?’

‘இல்ல,
கூட்டமெண்டா ஹேவ்.’