மணப்பாட்டில் சாவிக்குக் காத்திருந்தது

பாளையங்கோட்டையிலிருந்து இரண்டு நாள் கல்விப் பயணம்,
ஆளுக்கொரு படிவம்:
இடம், காலம், சமயம்.
மூன்றாவது கட்டம்
என் கட்டைவிரல் அகலம்தான்.

கழுகுமலைப் பாறையில்
தீர்த்தங்கரர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்க
பக்கத்தில் அய்யனாருக்கு யாரோ பொங்கலிட்டிருந்தார்கள்.
‘சமணம்’ என்று எழுதினேன்.
புகை கண்ணைக் கரித்தது.

பொட்டல்புதூர் தர்காவில்
திருநீற்று நெற்றிமேல் முக்காடு இழுத்து
பாத்திஹா முடியும்வரை நின்றாள்
ஆலங்குளத்திலிருந்து வந்த ஒருத்தி.
“நீங்க எந்தச் சமயம்?” என்றாள் ஆமினா.
“மவனுக்கு வலிப்பு நின்னுட்டு.”
ஆமினா அதையே கட்டத்தில் எழுதினாள்,
ஓரம் தாண்டி, அடுத்த வரிக்கும்.

மறுநாள் மணப்பாடு. உச்சி வெயில்.
குன்றின்மேல் கோயில் பூட்டியிருந்தது.
சாவிக்காரர் சாப்பிடப் போயிருக்கிறாராம்.
ஓராள் அகலச் சுவர் நிழலில்
பதினான்கு பேர்.

“பூட்டு நம்ம சொல்லு,
சாவி போர்ச்சுகீசுக் கப்பல்ல வந்தது” என்றாள் ரெஜிலா.
“அதுக்கு முன்னால எதை வச்சுத் திறந்தாங்க?”
“திறவுகோல்.”
“போய் உங்க அம்மாட்ட கேளு, என்னத்தைத் தாராங்கன்னு.”
ஜன்னல் போனது, மேஜை போனது, அலமாரி போனது;
கடைசியில் வீட்டில்
சுவரும் கதவும்தான் மிச்சம்.
இசக்கிமுத்து கணக்கு நோட்டை விரித்தான்:
“ரெஜிலா, எம்பது ரூவா பாக்கி.”
“பாக்கி அரபு.”
“அரபோ கிரபோ, ரூவாயக் குடு.”

மச்சாது அண்ணன் வந்தார்.
முழங்கையில் காயாத மீன்செதில்,
வலை நரம்பில் கோத்த சாவி.
உப்பேறிய பூட்டு அசையவில்லை.
ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு
குழந்தைக்குக் காது பார்ப்பதுபோல்
தலை சாய்த்துத் திருகினார்.

உள்ளே இருட்டு குளிர்ந்து கிடந்தது.
பேச்சு தானாக நின்றது.
ஆமினா செருப்பைக் கழற்றினாள்,
பிறகு எல்லோரும்.
ஜன்னல் வழியே கடல்.

“பூட்டி, சாவியக் கீழ டீக்கடைல குடுத்துருங்க”
என்று என் கையில் வைத்துவிட்டு
அண்ணன் தூங்கப் போனார்.

திருச்செந்தூர் தாண்டி
படிவத்தை எடுக்கப் பைக்குள் கைவிட்டேன்.
நரம்பு விரலில் சுற்றியது.
வேனைத் திருப்பச் சொன்னேன்.
முன்சீட்டில் எழுந்து நின்றான் இசக்கிமுத்து:
டீசலுக்கு ஆளுக்கு இருபது ரூபாய் வசூல்.

வசூல் எந்த மொழி என்று
ரெஜிலா சொல்லவில்லை.