எண் போட்ட கற்கள்

மைனஸ் பதினெட்டு.
வின்னிபெக் மெயின் தெருவில்
காற்றுக்கு வேறு வேலையே இல்லை.
சாரத்தின் மூன்றாம் தட்டில் நின்று
வங்கியின் முகத்தில் எண் எழுதுகிறேன்
மெழுகுப் பென்சிலால்.
மேற்கு நூற்றுப் பதின்மூன்று.
மேற்கு நூற்றுப் பதினான்கு.

வசந்தத்தில் ஒவ்வொரு கல்லாகக் கழற்றி
ஊருக்கு வெளியே கோதுமைக் கிடங்கில் அடுக்குவார்கள்.
கோபுரம் எழும்பியதும்
இதே வரிசையில் இதே முகத்தை
முப்பத்தாறு மாடியின் முழங்காலில் ஒட்டுவார்கள்.
பாரம்பரியம் என்கிறது அனுமதிக் கடிதம்.
முகம் மட்டும்தான் பாரம்பரியம்.
குடலும் நுரையீரலும்
போன செவ்வாய்க்கிழமை லாரியில் போய்விட்டன.

மேற்கு நாற்பதில் ஒரு நத்தை,
சுண்ணாம்புக் கல்லோடு கல்லாக.
இந்தச் சமவெளி கடலாக இருந்தபோது
ஓட்டோடு வந்து குடியேறியது.
முன்பணம் கொடுத்திருக்காது.

உள்ளே கவுன்ட்டர் அகற்றிய அன்று
சங்கிலி ஒன்று கிடந்தது, மணி மணியாக.
அதில் கட்டியிருந்த பேனா இல்லை.
எந்த நாட்டு வங்கியும்
பேனா விஷயத்தில் மட்டும் யாரையும் நம்புவதில்லை.

வாசலில் ஆறு தூண்கள்.
ஓரெஸ்ட் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனான்.
முதல் மூன்றும் கல்லின் குரலில் பேசின.
நான்காவது வெறுங்குடம்.
துளை போட்டு டார்ச் அடித்தால்
துருவேறிய கம்பி, ஒரு புறா முட்டை ஓடு.
இதைப் பார்த்துத்தானே
சனங்கள் பணம் போட்டார்கள் என்றான்.
பிறகு அதற்கும் எண் போடச் சொன்னான்.

அந்தத் தூணுக்குப் பின்னால் ஒருவர் தூங்குவார்.
வேலி அடைத்த காலையில்
தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு
ஆற்றுப் பக்கம் போனார். பெயர் தெரியாது.
மேற்கு ஒன்பதில் இரண்டு அடி உயரத்தில்
அவர் முதுகு தேய்த்த வழவழப்பு இருக்கிறது.
'கறை நீக்க வேண்டுமா' என்று படிவத்தில் ஒரு கட்டம்.
அதை நிரப்பாமல் விட்டேன்.

விரல் மரத்துப்போனால்
எதிர்ப்புறம் விற்பனை அலுவலகத்துக்குள் புகுந்துவிடுவேன்.
பழைய செருப்புக் கடை அது.
கண்ணாடிப் பெட்டிக்குள் மாதிரிக் கோபுரம்,
அதன் காலடியில் அரிசி அளவு மனிதர்கள்,
எல்லாருக்கும் கோடைகால உடை.
ரோவீனா காபி தருவாள்.

அன்றைக்கு வந்தவர் ஸ்டெஃபானியா வொரோபெட்ஸ்,
எழுபத்தொன்பது வயது.
பூட்ஸிலிருந்து பனி உருகிக் கம்பளத்தில் சொட்டியது.
ஆற்றைப் பார்த்த வீடு,
சூரியன் விழும் வீடு, எதுவும் கேட்கவில்லை.
'மேனேஜர் அறை இருந்த இடத்தில்
எந்த வீடு வருகிறது?'

எழுபத்தொன்றில்
இரண்டு தையல் மெஷினுக்கு நானூறு டாலர் கேட்டாராம்.
கணவர் கையெழுத்து வேண்டும் என்றாராம் மேனேஜர்.
கணவர் மண்ணுக்குள் இருந்தார்.
அதையும் சொல்லியிருக்கிறார்.
அப்படியானால் அப்பாவுடையது என்றாராம்.

ரோவீனா புதிய வரைபடத்தின் மேல்
பழையதை வைத்து
ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.
சொல்லத் தயங்கினாள்.
'அங்கே வீடு இல்லை, மேடம்.
குப்பை வந்து விழும் அறை.'

ஹீட்டர் இரைந்துகொண்டிருந்தது.
'எந்த மாடியில் போட்டாலும்
அங்கேதான் விழுமா?'
'அங்கேதான்.'
ஸ்டெஃபானியா சிரித்தார்,
பல்செட் நழுவுமளவுக்கு.
'அப்படியானால் உயரத்தில் ஒன்று கொடு.'

ரோவீனா நீட்டிய பேனாவை வாங்கவில்லை.
கைப்பையைக் கிளறித் தன்னுடையதை எடுத்தார்.
அதன் வாலில் இரண்டு அங்குலம்
மணிச் சங்கிலி தொங்கியது.

அது எழுதவில்லை.
மை எப்போதோ காய்ந்திருந்தது.
உதறிப் பார்த்தார், ஊதிப் பார்த்தார்,
கடைசியில் ரோவீனாவின் பேனாவில்தான் கையெழுத்து.
போட்ட பிறகும் எழுந்திருக்கவில்லை.
கணவர் பெயருக்கு எங்காவது கோடு இருக்கிறதா என்று
பதினெட்டுப் பக்கத்தையும்
எச்சில் தொட்டுப் புரட்டிக்கொண்டிருந்தார்.