ஏழாம் கைப்பிடி

புன்டா அரேனாஸில் நவம்பர் காற்று முற்றும்போது
தெருமுனைகளில் கயிறு கட்டுவார்கள்.
வங்கிக்குப் போகிறவர், பல் பிடுங்கப் போகிறவர்,
எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டுதான் நகர்வார்கள்.

துறைமுக வானொலி அறையில் கயிறு கிடையாது.
இரவு இரண்டு மணி.
வட்டு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நிரம்பிவிட்டதென்று
திரை சிவந்து கத்திக்கொண்டிருந்தது.

மாலையில் நோல்பெர்த்தோ பெரிய கோப்பொன்றை அழித்துவிட்டு
"யாஸ்னா, இடம் பண்ணியாச்சு" என்று
மேசைமேல் சீட்டு வைத்துப் போயிருந்தான்.
கோப்பு இல்லை; பார்த்தேன்.
இடமும் இல்லை; அதையும் பார்த்தேன்.
உள்ளதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கூட்டினால் நாற்பது,
வட்டையே கேட்டால் தொண்ணூற்றொன்பது.
நடுவில் ஐம்பத்தொன்பது எந்தக் கணக்கில்?

சரி,
யார் யார் எதைப் பிடித்திருக்கிறீர்கள்,
கையைக் காட்டுங்கள் என்றேன்.
என்னுடைய நிரல்கள் மட்டும் காட்டின.
மற்றவற்றின் கையைப் பார்க்கத் தலைமை உரிமை வேண்டும்.
கடவுச்சொல்லை இரண்டு தரம் தப்பாக அடித்து
மூன்றாவதில் நுழைந்தேன்.

ஒன்பதாயிரம் வரி, மதகு திறந்தாற்போல.
அச்சுப்பொறிக்குக் காவலிருக்கும் ஒன்று
(அச்சுப்பொறியை விற்று மூன்று வருடமாகிறது)
இன்னும் அதன் வாசலைத் திறந்தே வைத்திருக்கிறது.
எல்லாம் பிறக்கும்போதே மூன்று கைப்பிடியோடு பிறக்கின்றன:
சுழியம் கேட்க, ஒன்று சொல்ல,
இரண்டு புலம்ப.
பாதிக்குமேல் அந்த மூன்றையும்
எதைப் போட்டாலும் சத்தம் வராத கிணற்றில் விட்டிருந்தன.
அவற்றை நான் குறை சொல்லமாட்டேன்.

பெயர் இழந்தவை மட்டும், என்று குறுக்கினேன்.
ஒரே வரி.
4471. கடல் அலைவரிசையைப் பதிவுசெய்யும் நிரல்.
ஏழாம் கைப்பிடி.
கோப்பின் பெயர்; பக்கத்திலேயே, அழிக்கப்பட்டது.
அளவைக் குறித்துக்கொண்டு மறுபடி பார்ப்பதற்குள்
இன்னும் கொஞ்சம் வளர்ந்திருந்தது.

நோல்பெர்த்தோ கழற்றியது பெயர்ப்பலகையை.
உள்ளே விளக்கெரிகிறது,
ஆள் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறார்.

4471-ஐக் கொன்றால் கை தளரும்,
ஐம்பத்தொன்பதும் திரும்பிவிடும்.
விரல் விசைமேல்தான் இருந்தது.
பதினொரு நாள் ஒலி. நண்டுப் படகுகளின் பேச்சு.
வேறெங்கும் பிரதி இல்லை;
பிரதி எடுப்பது யார் வேலை என்று இப்போது பேச வேண்டாம்.

நில் என்று மட்டும் சொன்னேன், சாகச் சொல்லவில்லை.
நின்றது.
அதன் உள்ளங்கை வழியாகவே
அந்தப் பெயரில்லாததை வெளி வட்டுக்குப் படியெடுத்தேன்.
மாத்தே ஆறி, கசந்து, தீர்ந்தது.

சரியாக வந்திருக்கிறதா என்று நடுவில் ஓரிடம் திறந்தேன்.
வியாழன், விடியுமுன். இரைச்சல். பிறகு
எதெல்வினா படகிலிருந்து மான்சீல்யாவின் குரல்:
"கரையில் யாராவது இருந்தால்
என் நாய்க்குச் சோறு வையுங்கள்.
கதவு பூட்டவில்லை, ஓங்கித் தள்ளினால் போதும்."
பதில் இல்லை.
இன்னொரு முறை கேட்டார், இம்முறை நாயின் பெயரோடு:
கனேலா.

வியாழன். இன்று ஞாயிறு.

4471-ஐ முடித்தேன். தொண்ணூற்றொன்பது நாற்பதாயிற்று.
அதே வேலைக்கு வேறு எண்ணில் ஒன்றை எழுப்பி
புதுக் கோப்பைக் கொடுத்தேன்.
சீட்டின் பின்பக்கம் எழுதினேன்:
"நோல்பெர்த்தோ, அழிப்பதற்குமுன் யார் கையில் என்று கேள்."

காலையில் இறைச்சிக் கடை திறக்கும்வரை நின்று
எலும்பு வாங்கிக்கொண்டு
கயிற்றைப் பிடித்தபடி மேட்டுத் தெரு ஏறினேன்.
கனேலாவுக்கு ஒரு குறையும் இல்லையாம்.
வியாழனிலிருந்து மூன்று வீட்டில் தின்கிறதாம்,
எதிர்வீட்டு அம்மாள் ஜன்னலிலிருந்து கத்தினாள்.
கொண்டுபோன எலும்பையும் வாங்கிக்கொண்டு
பிறகு அதைக் கீழே போட்டுவிட்டு
என் சட்டைக்கையைக் கவ்வியது.
இழுத்துப் பார்த்தேன்.
விடவில்லை.